இனியாவின் வலது கை

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். குழாயில் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வந்தது. இனியாவின் இறுக்கச் சட்டையை மட்டும் அலசி நிழலில் போட்டேன். இரண்டே சட்டை. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். வெயிலில் காய்ந்தால் இழுவை போய்விடுமாம். வெந்த இடத்தில் தழும்பு தடிக்காமல் இருக்க அதைக் குளிக்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்க வேண்டும். திண்டிவனத்து வெயிலில், எட்டு வயதுப் பிள்ளை.

இன்று கடைக்குத் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடை. ஏப்ரலில் விட்டது. முதலாளி வேறு ஆள் போடாமல் சமாளித்திருக்கிறார். மத்தியானம் போனால் போதும், கடை சாத்தும்வரை.

வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி. "பாப்பா மூஞ்சில ஒண்ணும் படலியே?" இல்லை என்றதும் அவர்களுக்கு மூச்சு வருகிறது. கழுத்து, அக்குள், வலது கை, விலா. இதெல்லாம் கணக்கில் இல்லை போல.

புது ஏற்பாடு: காலையில் கைப் பயிற்சி நான், சாயங்காலம் அவள் அப்பா. டைல்ஸ் வேலை முடித்து நாலு மணிக்கு வந்துவிடுவார். நடுவில் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா பார்த்துக்கொள்வார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இரண்டு வேளையும் நானே செய்துவந்தேன். இனி பாதி.

வாங்க: தேங்காய் எண்ணெய். சோப்பு. அவருக்கு முட்டியில் போடும் உறை, பழையது கிழிந்துவிட்டது. இனியாவுக்குக் கழுத்து அகலமான பனியன்.

ஜூலை 8, செவ்வாய்

காலைப் பயிற்சி. பாயில் படுக்கவைத்து, எண்ணெய் தடவி, வலது கையை மெதுவாகக் காதுப் பக்கம் தூக்க வேண்டும். அக்குளில் ஒட்டுத்தோல் வெள்ளையாக இழுபடும். அங்கே நிறுத்தி, பிடித்துக்கொண்டே எண்ண வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பிசியோ மேடம் சொல்லிக்கொடுத்தது இதுதான். "அழுதாலும் நிறுத்தாதீங்க. தோலு சுருங்கிக்கினே இருக்கும். நீங்க இழுக்காம விட்டா அது இழுத்துக்கும்."

அழுதாள். "நீ வேணாம், நீ போ, நீ போ." தெருவே கேட்டிருக்கும். முடித்ததும் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இட்லி ஊட்டப் போனால் வாயைத் திறக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு நகர்ந்தேன். தானே சாப்பிட்டாள், இடது கையால்.

இரவு அவரிடம் கேட்டேன், சாயங்காலம் எப்படி என்று. "நல்லா பண்ணிச்சு. அழவே இல்ல."

அழவே இல்லையாம். சந்தோஷப்பட வேண்டியதுதான்.

ஜூலை 11, வெள்ளி

கண்டாச்சிபுரத்திலிருந்து அண்ணி வந்திருந்தார், அவருடைய அக்கா. ஒரு பை மல்லாக்கொட்டை, கேப்பை மாவு, ஏதோ ஒரு தைலம். தைலத்தை வாங்கி மேலே வைத்துவிட்டேன். டாக்டர் கேட்காமல் எதுவும் தடவக் கூடாது.

அண்ணி நல்ல மனசுக்காரர்தான். ஆனால் இனியா எதிரிலேயே ஆரம்பித்துவிட்டார். "பொம்பள புள்ள. கழுத்துல இப்படி ஆயிப்போச்சே. நாளைக்கு எவன் வருவான்?"

நான் வாய் திறப்பதற்குள் இனியாவே, "எங்க வருவான் அத்த?" என்று கேட்டாள். மும்தாஜ் அக்கா வாசலிலேயே சிரித்துவிட்டார்.

சாப்பிடும்போது மறுபடி. "யாருதான் பாத்துக்கினு இருந்தீங்க அன்னைக்கு?"

இனியாவின் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

வருடப்பிறப்பு அன்று எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர். பெரிய தவலை. கொதித்துவிட்டது. அவர் இரண்டு பக்கமும் துணி பிடித்து அடுப்பிலிருந்து இறக்கித் திரும்பினார். இனியா பின்னாலிருந்து ஓடிவந்து அவர் காலில் மோதினாள். அவ்வளவுதான் நடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டார், போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். எல்லாரிடமும் இதையே சொன்னோம். எங்களுக்குள் மட்டும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது வீட்டில் யாரும் வெந்நீரில் குளிப்பதில்லை. தெருவில் மற்ற வீடுகளிலும் கொதிக்கும் தவலையை அடுப்பிலிருந்து இறக்குவதில்லை என்று மும்தாஜ் அக்கா சொன்னார்.

ஜூலை 13, ஞாயிறு

கடை லீவு. தலைக்கு ஊற்றினேன் இனியாவுக்கு. முடி நன்றாக வளர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் வெட்டியிருந்தார்கள்.

குளிக்கும்போது தொடையைக் காட்டிக் கேட்டாள். "இங்க இருந்து எடுத்துத்தான கையில ஒட்டினாங்க?"

ஆமாம் என்றேன்.

"அப்பா டைல்ஸ் ஒட்டற மாதிரியா?"

அவர் வெளியே முகம் மழித்துக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார். பாதி மழித்த முகத்தோடு எழுந்து தெருப்பக்கம் போய்விட்டார். நான், "ஆமா, அந்த மாதிரிதான். நடுவுல இடம் விடாம," என்றேன். அவளுக்குப் பிடித்திருந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இன்று சாயங்காலப் பயிற்சியும் நானே செய்கிறேன் என்றேன். "வேணாம், நீ செத்த நேரம் படு. நான் பாத்துக்கறேன்," என்றார். படுத்தேன். அசந்து தூங்கிவிட்டேன். மூன்று மாதத்தில் முதல் தடவை, பகல் தூக்கம்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் என் முகத்தில் அறைந்தாள். தெரிந்து அறையவில்லை, வலியில் கை வீசியது. மூக்குத்தி குத்தி ரத்தம். நான் கையை விடவில்லை. எண்ணி முடித்தேன்.

"நீ கெட்ட அம்மா. அப்பாதான் நல்லவரு."

கடையில் ஒரே கூட்டம், காலேஜ் அட்மிஷன். ஒரு பையனின் மார்க் ஷீட்டைத் தலைகீழாக வைத்துப் பத்து காப்பி எடுத்துவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிவரச் சொல்லி எனக்கும் ஒன்று கொடுத்தார்.

மும்தாஜ் அக்கா இன்று சொன்னது: "உங்க வூட்டுக்காரரு கில்லாடிதான் சுமதி. சாயந்தரம் ஒரு அழுவ சத்தம் இல்ல. சிரிப்புச் சத்தம்தான் கேக்குது." கேட்டு எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. பொறாமை என்றுதான் எழுத வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

விழுப்புரம். செக்கப். இரண்டு பேரும் லீவு போட்டோம். காலையில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் கொஞ்ச நேரம் நின்றது. இனியா ஜன்னலோரம். பக்கத்து சீட்டு அம்மாள் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது ஒரு கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

பிசியோ அறைக்கு வெளியே நீண்ட வரிசை. பனமலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவோடு பேச்சு. அவர் மகனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது, நீட்ட முடியவில்லை. "நடவு நேரம். யாரு இட்டுக்கினு வர்றது? வூட்லயே பண்றோம்னு சொல்லிட்டு வுட்டுட்டோம். இப்ப மறுபடியும் அறுத்துத்தான் எடுக்கணும்னு சொல்றாங்க." பையன் அந்தக் கையாலேயே பிஸ்கட் பிடித்துத் தின்றுகொண்டிருந்தான். கை வாய்க்கு எட்டுவதற்காகவே மடக்கிவைத்தது போல் இருந்தது.

எங்கள் முறை. மேடம் பெரிய பாகைமானி போன்ற ஒன்றை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். பழைய தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"கை இறங்கியிருக்கும்மா. போன தடவ காது பக்கம் வந்துது. இப்ப தோளுக்கு மேல போகவே மாட்டேங்குது. வீட்ல பண்றீங்களா இல்லையா?"

"ரெண்டு வேளையும் பண்றோம் மேடம்."

"ரெண்டு வேளை பண்ணா இப்படி ஆகாது."

நான் இனியாவின் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனியா தன் செருப்பைப் பார்த்தாள்.

மேடம் கோபப்படவில்லை. அடுத்த மாதம் வரும்போதும் இப்படியே இருந்தால் மறுபடி ஆபரேஷனுக்கு எழுதிவிடுவேன் என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பஸ். இனியா அவர் மடியில் தூங்கினாள். வலது கை உடம்போடு ஒட்டி.

ஜூலை 18, வெள்ளி

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. காலையில் எண்ணெய் தடவும்போது தானே சொன்னாள். "அப்பா தூக்கவே மாட்டாரு. கத சொல்லுவாரு. அம்மாகிட்ட சொல்லாதன்னாரு." பிறகு, "அப்பாவ திட்டாத."

திட்ட மாட்டேன் என்றேன்.

மத்தியானம் கடைக்குப் போகும் முன் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். ரோட்டோரம் புது வீடு, கதவு ஜன்னல் இன்னும் வைக்கவில்லை. டைல்ஸ் அறுக்கும் சத்தம் வெளியே வரை. என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார். முகமெல்லாம் வெள்ளைத் தூசி. கூட வேலை செய்பவர் புரிந்துகொண்டு பீடி பிடிக்க வெளியே போய்விட்டார்.

"கத சொல்லிக்கினு இருந்தீங்களாமே," என்றேன்.

அறுத்த டைல்ஸின் ஓரத்தைத் துடைத்தார்.

"நான் தெனம் காத்தால அவகிட்ட அடி வாங்கறேன். நீங்க சாயந்தரம் நல்ல பேரு வாங்கறீங்க."

"நல்ல பேருக்கு இல்ல சுமதி." கையுறையைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "மொத நாளு தூக்கனேன். அப்பா வேணாம்பான்னு சொல்லிச்சு. கத்தல. கெஞ்சிச்சு. அப்புறம் என்னால முடியல. ஒரு தடவ என் கையாலதான் ஆச்சு. மறுபடியும் என் கையாலயே வலிக்க வைக்கணுமா அவள?"

இதுதான் முதல் தடவை. அன்றைக்கு நடந்ததைப்பற்றி அவர் என்னிடம் பேசுவது முதல் தடவை. நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறுதலாக ஏதாவது. ஆனால் அந்தப் பனமலைப் பையனின் முழங்கைதான் கண்ணில் நின்றது.

"அவ கை இப்படியே நின்னு போனா, அதுவும் உங்க கையாலதான்."

சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார், கணக்குச் சரி என்பதுபோல. நான் சாப்பாட்டுத் தூக்கை மணல் மூட்டை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பின்னால் மிஷின் சத்தம் மறுபடி கேட்கவில்லை.

ஜூலை 19, சனி

மழை, நல்ல மழை. தெருவில் முட்டி அளவு தண்ணீர். கடைக்குப் போகவில்லை.

தூக்கு திரும்பி வந்தது, சோறு அப்படியே. எங்களுக்குள் பேச்சு: "உப்பு", "குடை எங்க", இவ்வளவுதான். இனியா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் சொன்னதாலதான?" என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை.

இரண்டு வேளையும் நான் செய்தேன். கெஞ்சினாள். அவர் சொன்னது சரிதான், கத்துவதைவிடக் கெஞ்சுவது மோசம்.

ஜூலை 20, ஞாயிறு

மழை விட்டது. துவைக்க ஒரு மூட்டை துணி.

நாலு மணி இருக்கும். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். பாயை விரித்தார். என்னைப் பார்த்து, "நீ வெளிய போ," என்றார்.

போனேன். குழாயடியில் நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. அவர் குரல் மட்டும், தாழ்வாக. பிறகு இனியா. "அப்பா, கத சொல்லு. அப்பா, கத சொல்லுப்பா." அவர் எண்ண ஆரம்பித்தார். அப்புறம் அலறல்.

மும்தாஜ் அக்கா முக்காடு சரிய ஓடிவந்தார். "இன்னாச்சு? புள்ளைக்கு இன்னா?"

"அவங்கப்பா கை தூக்கறாருக்கா."

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போகக் கால் இழுத்தது, போகவில்லை. அவர் எண்ணுவது நிற்கவே இல்லை. அலறலுக்கு மேல் அவர் குரல். நடுவில் ஒரு எண்ணைச் சொல்லி, உடைந்து, அதையே மறுபடி சொன்னார்.

கதவு திறந்தது. அவர் நேராகக் குழாயடிக்கு வந்து தலையை நீட்டினார். தண்ணீரைத் திறந்துவிட்டேன். ரொம்ப நேரம் தலையை எடுக்கவில்லை. முன்கையில் பல் பட்ட தடம், வட்டமாக.

"கடிச்சிட்டா," என்றார்.

உள்ளே போனேன். இனியா எழுந்து ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மூக்கெல்லாம் சளி. "அப்பா மோசம்மா. அப்பா ரொம்ப மோசம். நீயே பண்ணு. நீ மெதுவா பண்ணுவ."

தலை சீவிவிட்டேன். என் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள், இருட்டும்வரை. ஏப்ரலிலிருந்து இப்படி உட்காரவில்லை. வாசலில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உள்ளே எனக்கு இவ்வளவு சந்தோஷம். வெட்கமாகவும் இருந்தது.

ஜூலை 24, வியாழன்

தினமும் செய்கிறார். செய்துவிட்டுக் கொஞ்ச நேரம் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார். புண் இல்லை, ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. அரிப்புதான். அரிக்கும்போது சொறியாமல் தட்டச் சொல்லியிருக்கிறார்கள். நாள் பூராவும் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

நேற்று அவரிடம் சொன்னேன், அன்றைக்கு நான் சொன்னது அதிகம் என்று. "இல்ல. அத நீ சொல்லாம வுட்டிருந்தா நான் இன்னமும் கத சொல்லிக்கினுதான் இருப்பேன்," என்றார். அப்புறம் ஆபரேஷன் பேச்சு, ஸ்கூல் பேச்சு.

ஜூலை 28, திங்கள்

ஸ்கூல். மூன்றாம் வகுப்பு. இறுக்கச் சட்டை மேல் யூனிஃபார்ம். ஹெட்மிஸ்ட்ரஸ் ஃபேனுக்கு அடியில் இடம் போட்டுக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் கேட்டிலேயே நின்றோம். வாட்ச்மேன், "போங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்றும் நின்றோம்.

இடைவேளையில் கேட்டுப் பக்கத்தில் ஒரு சிறுமி இனியாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக் கேட்டது காதில் விழுந்தது. "வலிக்குமா?"

"இப்ப வலிக்காது. எங்கப்பா எக்சர்சைஸ் பண்ணும்போதுதான் வலிக்கும்."

"உங்கப்பா கெட்டவரா?"

இனியா யோசித்தாள். "சாயந்தரம் மட்டும்."

அவர் சிரித்துவிட்டார். கேட்டுக்கு வெளியே, சத்தமாக. வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் வந்து முதல் வேலையாக அழுதாள். இரண்டு பையன்கள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றார்களாம். நாளைக்குப் போக மாட்டேன் என்றாள். அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விழுப்புரம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம்.

மேடம் அளந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தேன். தோளைத் தாண்டியது. மேலே போனது. காதுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"ஏறியிருக்கு. இப்ப ஆபரேஷன் எழுதல."

இனியாவின் அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஆனா விட்டுடக் கூடாது. ஒரு வருஷமாவது பண்ணணும். வளர வளர தோலு பத்தாம போகும், அப்ப பாக்கலாம்." ஆபரேஷன் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. கேட்கவும் இல்லை நாங்கள்.

புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தார். கையைத் தூக்கும்போது முதுகை வளைத்து ஏமாற்றுகிறாளாம். ஒருவர் தோளையும் விலாவையும் அமுக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் தூக்க வேண்டும். "ரெண்டு பேரும் சேந்து பண்ணுங்க." இனியா, "ரெண்டு பேருமா?" என்றாள் பயந்துபோய்.

ஆஸ்பத்திரி வாசலில் சோளம் வாங்கிக் கொடுத்தோம். வலது கையால் பிடித்துத் தின்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகமூட்டம். காற்று இல்லை. காலையில் ரேஷன் கடை, பாமாயில் வரவில்லை. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு.

சாயங்காலம் இரண்டு பேருமாகச் செய்தோம். நான் தோளையும் விலாவையும் பிடித்துக்கொண்டேன், அவர் தூக்கினார். முதல் தடவை அவர் செய்வதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். இனியா கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். என்னைப் பார்த்து அப்பாவைத் திட்டினாள், அவரைப் பார்த்து என்னைத் திட்டினாள். அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் உதறிக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு பேரும் வேணாம் எனக்கு. நான் மும்தாஜ் பெரிம்மா வூட்லயே இருந்துக்கறேன்."

போய்விட்டாள். கதவை அறைந்துவிட்டு. கொஞ்ச நேரத்தில் அங்கே டிவி சத்தம், அவள் சிரிப்பும்.

நானும் அவரும் பாயிலேயே உட்கார்ந்திருந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை. "டீ போடட்டா?" என்றார். போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை பத்தவில்லை. குடித்தோம்.

"நாளைக்கு நீ தூக்கு. நான் பிடிச்சிக்கறேன்," என்றார்.

"வேணாம். நீங்களே தூக்குங்க. இன்னைக்குப் பாத்தேன், உங்க கை பதறவே இல்ல."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.